உடைக்க ஒரு பெட்டி, ஓட ஒரு பெட்டி: ஹோம் லேபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் போன வாரம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "அண்ணே, சர்வர் வாங்கிட்டேன்." மேசையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பழைய ரேக் சர்வர் படுத்திருந்தது. இரண்டு ப்ராசசர், இரண்டு பவர் சப்ளை, முன்னால் வரிசையாக டிஸ்க்குகள். நானும் இதே மாதிரி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தவன்தான். அதனால் "சத்தம் எப்படி?" என்று மட்டும் கேட்டேன். "கொஞ்சம்தாண்ணே" என்றான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஹோம் லேப் என்பது வீட்டிலேயே சர்வர் வைத்து, உடைத்துப் பழகும் இடம். அதில் பயாஸில் (கணினி கிளம்பும்போது வரும் அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷனை (ஒரே பெட்டிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது) ஆன் செய்ய மறப்பது போன்றவை பத்து நிமிடத்தில் தானே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். மாதங்கள் கழித்துக் கடிக்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

## மலிவு என்று ரேக் சர்வர் வாங்குவது

வாங்கும் விலை மலிவுதான். ஓட்டும் செலவுதான் வேறு. ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும் பழைய இரட்டை ப்ராசசர் சர்வர் வருடத்துக்கு 1,314 யூனிட் சாப்பிடும். 15 வாட்டில் ஓடும் மினி பிசிக்கு 131 யூனிட் போதும். அலுவலகங்கள் கழித்துவிடும் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி, எலைட்டெஸ்க் மினி வகைகளில் ஒன்று, விர்ச்சுவலைசேஷன் கற்க தாராளம். ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஆள்வது), ஐபிஎம்ஐ (தூரத்திலிருந்தே சர்வரைக் கட்டுப்படுத்துவது) மாதிரி சர்வருக்கே உரிய சமாச்சாரங்களைக் கற்க வேண்டுமென்றால் ரேக் சர்வர் சரி. அப்போதும் வேண்டும்போது மட்டும் ஆன் செய்யுங்கள்.

## ப்ராசசருக்குப் பணம், ரேமுக்கு மிச்சம்

கற்பதற்காக ஓட்டும் விர்ச்சுவல் மெஷின்கள் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். நான்கு கோர்களைப் பத்து மெஷின்கள் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும். ரேம் அப்படி வளைந்து கொடுக்காது. தீர்ந்தால் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு ப்ராசஸை, அதாவது ஓடும் நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். ஹோஸ்ட்டின் (மெஷின்களைத் தாங்கும் பெட்டியின்) கண்ணில் உங்கள் மெஷின் ஒவ்வொன்றும் ஒரு ப்ராசஸ்தான். பெரும்பாலும் அதிக ரேம் வைத்திருப்பதுதான் முதலில் பலியாகும்.

வாங்குமுன் போர்டு அதிகபட்சம் எவ்வளவு ரேம் ஏற்கும் என்று பாருங்கள். இரண்டு 8 ஜிபிக்குப் பதில் ஒரே 16 ஜிபியாகப் போட்டு, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். தம்பி அடுத்து கேட்டது, "இந்த சர்வர் ரேமைக் கழற்றி மினி பிசில போடலாமாண்ணே?" முடியாது. அது ரெஜிஸ்டர்டு வகை. சாதாரண போர்டில் வேலை செய்யாது.

## வீட்டையும் லேபையும் ஒரே பெட்டியில் வைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான்.

ஒரே பெட்டியில், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு ஆரம்பித்தேன். முதலில் விளம்பரங்களைத் தடுக்க ஒரு டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) கன்டெய்னர், அதாவது விர்ச்சுவல் மெஷினைவிட இலகுவான ஒரு பொதி. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அந்தத் தெம்பில் குடும்பப் புகைப்படங்களை ஏற்றினேன், பாஸ்வேர்ட் மேனேஜர் வைத்தேன், என் குறிப்புகளுக்கு ஒரு விக்கி. கடைசியில் ரவுட்டரையே ஒரு விர்ச்சுவல் மெஷினாக்கிவிட்டேன். ஒரே பெட்டி, எத்தனை வேலை என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஜிபியு பாஸ்த்ரூ (கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாக ஒரு விர்ச்சுவல் மெஷினிடம் கொடுப்பது) கற்கலாம் என்று ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டைச் செருகினேன். பெட்டி பூட் ஆனது. ஆனால் நெட்வொர்க்கில் ஆளைக் காணோம்.

காரணம் சின்னது. லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் பெயர், அது உட்கார்ந்திருக்கும் பிசிஐ (போர்டில் கார்டுகள் இணையும் தடம்) இடத்தை வைத்து உருவாகிறது. புதிய கார்டு வந்ததும் எண்கள் ஒன்று தள்ளிப்போய், பெயர் மாறிவிட்டது. மெஷின்களை நெட்வொர்க் கார்டோடு இணைக்கும் ப்ராக்ஸ்மாக்ஸின் பிரிட்ஜோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. ஒரு ஃபைலில் பெயரைத் திருத்தினால் முடிந்தது.

அந்த ஃபைலைத் தொட ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்ட் வேண்டும். அது பாஸ்வேர்ட் மேனேஜரில் இருந்தது. பாஸ்வேர்ட் மேனேஜர் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன், விக்கியில். விக்கியும் பெட்டிக்குள். ரவுட்டரும் உள்ளேதான் என்பதால் வீட்டில் இணையமே இல்லை. ஹாலில் இருந்த டிவியைக் கழற்றி வந்து மானிட்டராக மாட்டி, கைபேசி டேட்டாவில் தேடிப் படித்து, பூட் மெனு வழியாகப் பாஸ்வேர்டை மாற்றி, உள்ளே நுழைந்தபோது மணி இரண்டு. அதற்குள் "நெட் என்னாச்சு?" என்று நான்கு முறை கேட்டாயிற்று. அந்தக் கார்டைத் திரும்பக் கழற்றியிருந்தால் பழைய பெயரே வந்திருக்கும். இது மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

ஒரு ராத்திரித் தூக்கம் போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் எட்டு மாதம் அந்தப் பெட்டியைத் தொடவே பயந்தேன். அப்டேட் கிடையாது, பரிசோதனை கிடையாது. உடைத்துக் கற்க வாங்கிய பெட்டி, உடைக்கவே கூடாத பெட்டியாகிவிட்டது. ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் இதே படிகளில், இதே வரிசையில் ஏறுவதைப் பார்க்கிறேன். முதலில் டிஎன்எஸ், அப்புறம் புகைப்படம், அப்புறம் ரவுட்டர்.

ரவுட்டர் தனிக் கருவியாகவே இருக்கட்டும். வீட்டார் நம்பியிருக்கும் எதையும் வேறொரு சின்னப் பெட்டியில் வையுங்கள். அதைச் சலிப்பூட்டும் அளவுக்கு மாறாமல் வைத்திருங்கள். லேபுக்குத் தனி விலான் (ஒரே கம்பியில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பழகுவதற்கு ஏற்றிய விண்டோஸ் சர்வரின் டிஎச்சிபி (முகவரி வழங்கும் சேவை), வீட்டு டிவிக்கும் ஐபி முகவரி கொடுக்கக் கிளம்பிவிடும். நெட்வொர்க் கார்டின் பெயரை மேக் முகவரியோடு (கார்டிலேயே பதிந்திருக்கும் எண்) கட்டிப்போடுங்கள். ரூட் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். சிரிக்காதீர்கள், காகிதத்துக்கு பூட் ஆக வேண்டியதில்லை.

இரண்டாவது பெட்டிக்கு வழியில்லையா? ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் இன்னொரு ப்ராக்ஸ்மாக்ஸை ஒரு விர்ச்சுவல் மெஷினாக ஓட்டுங்கள். நெஸ்டட் (மெஷினுக்குள் மெஷின்) வசதி ஆனில் இருந்து, சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று வைத்தால் உள்ளேயும் விர்ச்சுவலைசேஷன் கிடைக்கும். வேகம் கொஞ்சம் குறையும். உள்ளே இருப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் உடைக்கலாம். கார்டு செருகும் விளையாட்டு மட்டும் அங்கே செல்லாது.

## ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைப்பது

ஸ்னாப்ஷாட் என்பது மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது. அது இருப்பது அதே டிஸ்க்கில். டிஸ்க் போனால் மெஷினும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும்.

இதோடு சேர்ந்து வருவது தின் பூல், அதாவது உண்மையில் எழுதும்போது மட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளும் பொதுச் சேமிப்பிடம். 500 ஜிபி டிஸ்க்கில் பத்து மெஷின்களுக்கு ஆளுக்கு 100 ஜிபி என்று தாராளமாகக் கொடுக்கலாம், அது தடுக்காது. பழைய ஸ்னாப்ஷாட்டுகள் சத்தமில்லாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டே போகும். பூல் நிறைந்த நாளில் இடத்தைத் தின்ற மெஷின் மட்டும் விழாது. அந்தப் பூலில் உள்ள எல்லாவற்றுக்கும் எழுத முடியாமல் போய், ஃபைல் சிஸ்டம் கெடும். டிஸ்க் அமைப்பில் 'டிஸ்கார்டு' டிக் செய்திருந்தால்தான், உள்ளே அழித்த இடம் பூலுக்குத் திரும்பி வரும். பேக்கப் வேறொரு பெட்டிக்குப் போகட்டும். அதிலிருந்து ஒரு தடவையாவது மீட்டுப் பாருங்கள்.

## இரண்டே பெட்டியில் கிளஸ்டர்

கிளஸ்டர் என்பது பல பெட்டிகளை ஒன்றாகச் சேர்த்து ஆள்வது. அதில் பெட்டிக்கு ஒரு ஓட்டு; பெரும்பான்மை இருந்தால்தான் வேலை நடக்கும். இரண்டு ஓட்டில் ஒன்று போனால் பெரும்பான்மை இல்லை. மிச்சமிருக்கும் பெட்டி புதிதாக எந்த மெஷினையும் கிளப்ப மறுக்கும். மூன்றாவது ஓட்டுக்கு ஒரு ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவு கணினி) போதும்.

## ஒரே மென்பொருளின் மெனுவை மனப்பாடம் செய்வது

ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரியே மெஷின்களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேரின் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ 2024 பிப்ரவரியில் நின்றது, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் மெஷின்களை ஓட்டும் கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. பிரிட்ஜ், விலான், ஸ்டோரேஜ் எப்படி வேலை செய்கின்றன என்று கற்றால் எந்த மெனுவும் பழகிவிடும்.

## எஸ்எம்ஆர் ஹார்ட் டிஸ்க்கில் இசட்எஃப்எஸ்

வேண்டாம். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குக்கு, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் ஒத்துவராது. வாங்குமுன் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

## 8006 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது

ப்ராக்ஸ்மாக்ஸின் நிர்வாகப் பக்கம் அந்தப் போர்ட்டில்தான் இருக்கிறது. வயர்கார்டு என்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) இருக்கும்போது எதற்கு?