பிடித்த எழுத்தாளரிடம் திருடுவது எப்படி?

நான் சென்னை பெரம்பூர்க்காரன். எழுத்தாளர் கி.ராஜநாராயணனைப் படித்த மயக்கத்தில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சில் ஒரு கதை எழுதினேன். கோவில்பட்டி நண்பன் படித்துவிட்டு, "ஏல, எங்க ஆச்சி இருந்திருந்தா ஒன்ன வெரட்டியிருப்பா" என்றான். கி.ரா. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்து அந்தச் சொற்களைக் காதால் சேர்த்தவர். வட்டார வழக்குச் சொல்லகராதியே தொகுத்தவர். நான் எடுத்திருக்க வேண்டியது அந்தக் காதை.

இப்போது செய்வது இதுதான். பிடித்த சிறுகதை ஒன்றைப் பேனாவால் நோட்டில் அப்படியே எழுதுங்கள். டைப் வேண்டாம், விரல் ஓடிவிடும். அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையை எழுதி முடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. சினிமா ஸ்டுடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு வந்தவன் அலுவலக அறையிலேயே புலியாகிப் பாய்கிறான். அந்த இடத்தில் என் கை தானாக ஓர் இரக்கச் சொல்லைச் சேர்க்கப் பார்த்தது. அசோகமித்திரனோ அடுத்த வரிக்குப் போயிருந்தார். இப்படிக் கை துறுதுறுக்கும் இடங்களில் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். உங்கள் கெட்ட பழக்கங்களின் பட்டியல் அது.

ஒரு வாரம் கழித்து, நோட்டைப் பார்க்காமல், உங்கள் தெருவிலிருந்து ஒரு காட்சி எழுதுங்கள். நான் எழுதியது: ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மீந்த தயிர்சாதத்தை நாய்க்குக் கொட்டுகிறார். ‘சோர்வுடன்’ என்று முதலில் இருந்தது, அடித்தேன். டிபன் கேரியர் மூடி சிமென்ட் தரையில் உருளும் சத்தம் போதும்.

இன்னொன்று. நாவல் எழுதும் மாதங்களில் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர்களை எழுதிய தி.ஜானகிராமனை நான் தொடுவதில்லை. தொட்டால் என் பெரம்பூர் ஆட்களெல்லாம் கும்பகோணத்துக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள்.