மாரடைப்பு நோயாளியின் எக்கோவில் இடது மேலறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ நெஞ்சுவலி கண்ட ஒருவர், முதலுதவி பெற்று, 108 ஆம்புலன்ஸில் ராமநாதபுரத்துக்கும் தேவைப்பட்டால் அங்கிருந்து மதுரைக்கும் வந்து எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் பரிசோதனை) மேசையில் படுப்பதற்குள் பல மணி நேரம் ஆகிவிடக்கூடும். அந்த அறிக்கையில் 'இடது மேலறை இயல்பான அளவு' என்ற வரியைப் படித்தவுடன், நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை வாங்கி இடது கீழறைக்கு அனுப்பும் அந்த மேலறையின் அழுத்தமும் இயல்பாகவே இருக்கும் என்று முடிவுகட்டுவதே எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு.

மேலறை விரிவதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். அழுத்தமோ மாரடைப்பு தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஏறிவிடக்கூடும். இரத்தம் கிடைக்காத கீழறைச் சுவர் சரியாகத் தளராமல் விறைத்துக்கொள்வதால், அதை நிரப்ப மேலறையில் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. அது பின்னோக்கி நுரையீரல் சிரைகளில் ஏறி மூச்சுத்திணறலாக வெளிப்படுகிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வை இழுத்துப் பிடிக்கும் பாப்பில்லரி தசை அறுந்து, அந்த வால்வு திடீரென ஒழுகும் நோயாளிக்கு நுரையீரல் முழுவதும் நீர் கோத்திருக்கும்போதும் மேலறை சிறியதாகவே தெரியலாம். விரிந்து கொடுக்கப் பழகாத அறை என்பதாலேயே அதில் அழுத்தம் அவ்வளவு ஏறுகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெரிய மேலறை என்பது பல ஆண்டு உயர் இரத்த அழுத்தம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு), சிறுவயது ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வுக் கோளாறு, நெடுநாள் இரத்தசோகை ஆகியவற்றின் தடமாக இருக்கலாம். அதை இன்றைய மாரடைப்பின் கணக்கில் எழுதக் கூடாது. அதற்காக அதை ஒதுக்கிவிடவும் முடியாது: மாரடைப்புக்குப் பின் மேலறைக் கொள்ளளவு கூடியிருப்பவர்களுக்கு இறப்பு அபாயம் அதிகம்.

அளக்கும் முறையில்தான் பிழைகள் மிகுதி. முன்-பின் விட்டத்தை மட்டும் அளப்பது போதாது. மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இடம் குறைவு என்பதால், அறை பக்கவாட்டிலும் மேல்-கீழாகவும் விரிந்த பிறகும் அந்த விட்டம் இயல்பாகவே இருக்கக்கூடும். இதய நுனியிலிருந்து நான்கறைப் பார்வையிலும் ஈரறைப் பார்வையிலும், மைட்ரல் வால்வு திறப்பதற்குச் சற்று முந்தைய படத்தில், நுரையீரல் சிரைகளையும் மேலறையின் காதுமடல் பையையும் சேர்க்காமல் ஓரத்தை வரைந்து, கிடைக்கும் கொள்ளளவை உடல் பரப்பால் வகுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 34 மி.லி. வரை இயல்பு என்பது 2015 முதல் நிலவும் வரம்பு. அதற்கு முந்தைய 28 என்ற எண்ணை இன்னும் பிடித்துக்கொண்டிருப்போர், இல்லாத வீக்கத்தைக் காண்பார்கள். கீழறையை முழு நீளத்தில் காட்டுவதற்கென எடுத்த படத்திலேயே மேலறையையும் அளந்தால், அது குறுகித் தெரியும். உடல் பரப்புக்கு எடையும் உயரமும் வேண்டும். 'ஒரு அறுபது கிலோ இருப்பாரு' என்று உடன்வந்தவர் சொல்வதை அப்படியே இயந்திரத்தில் இடுவதும் பிழைதான்.

அழுத்தத்தை ஒரே எண்ணால் தீர்மானிக்கவும் கூடாது. கீழறை தளரும்போது மைட்ரல் வால்வு வழியே முதலில் பாயும் இரத்தத்தின் வேகத்தை (ஈ அலை), அப்போது வால்வு வளையம் நகரும் வேகத்தால் (ஈ பிரைம்) வகுக்கும் விகிதம் 14-ஐத் தாண்டினால் அழுத்தம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சுவர் செயலிழந்த பக்கத்தில் வளையம் மெதுவாக நகரும் என்பதால், உட்சுவர், வெளிச்சுவர் இரண்டின் சராசரியையே கொள்ள வேண்டும். வளையத்தில் சுண்ணாம்பு படிந்தவர்களிடமும், பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும், ஈசிஜியில் இடது கிளைத் தடை (கீழறையின் இடதுபக்க மின்பாதை தடைபட்ட நிலை) உள்ளவர்களிடமும் இந்த விகிதம் நம்பத்தக்கதல்ல. இதயத்தின் வலப்பக்கத்து டிரைகஸ்பிட் வால்வின் ஒழுக்கு வேகம் விநாடிக்கு 2.8 மீட்டருக்கு மேல் இருந்தால், அழுத்தம் நுரையீரல் வழியே வலப்பக்கம் வரை ஏறியதற்கு அது துணைச் சான்று. எனினும் பல ஆண்டு பீடி குடித்துக் கெட்ட நுரையீரலும் அந்த வேகத்தைக் கூட்டும்.

வழியிலேயே ஃப்யூரோசெமைடு ஊசியும் (உடலின் நீரை வெளியேற்றுவது) நைட்ரேட்டும் (இரத்தக்குழாய்களை விரிப்பது) பெற்றவருக்கு, நம் கையில் எக்கோ ப்ரோப் (நெஞ்சில் வைக்கும் கருவி) வரும்போது அழுத்தம் இறங்கியிருக்கலாம். ஆகவே அறிக்கையில் எக்கோ எடுத்த நேரத்தையும், அதற்கு முன் கொடுத்த மருந்துகளையும், அப்போதைய இரத்த அழுத்தத்தையும் எழுத வேண்டும். மறுநாள் மூச்சுத்திணறல் திரும்பினால், மேலறையின் அளவு மாறியதா என்று பார்ப்பதை விட அழுத்த அளவீடுகளை மீண்டும் எடுப்பதே பயன் தரும்.