ஸ்காண்டிநேவியப் புதைகுழி ஆய்வு ஒன்றை வாசிப்பது எப்படி?

டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய நாடுகளின் பழங்காலப் புதைகுழிகளைப் பற்றிய செய்திகள், 'வைக்கிங் வீராங்கனை', 'வெண்கலக்கால அயல்நாட்டுப் பெண்' என்பன போன்ற தலைப்புகளில் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆய்வுக் கட்டுரை இருக்கும். அதில் எது கருவியால் அளக்கப்பட்டது, எது அந்த அளவைக் கொண்டு ஊகிக்கப்பட்டது என்று பிரித்துப் பார்ப்பதற்கான வழிமுறையை இங்கே தருகிறேன். தொல்லியல் பட்டம் இதற்குத் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

முதலில் காலப்பெயரைச் சரிபார்க்க வேண்டும். கல், வெண்கலம், இரும்பு என்ற முக்காலப் பகுப்பை கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தின் கிறிஸ்தியன் யூர்கன்சன் தாம்சன் 1836ஆம் ஆண்டு வெளியான கையேட்டில் விளக்கினார். அந்தப் பெயர்கள் உலகெங்கும் பரவிவிட்டாலும் அவை குறிக்கும் ஆண்டுகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. தென் ஸ்காண்டிநேவியாவில் வெண்கலக்காலம் ஏறத்தாழ கி.மு. 1700 முதல் 500 வரை நீடித்தது. அதன்பின் வந்த இரும்புக்காலத்துக்குள் வைக்கிங் காலத்தையும் (ஏறத்தாழ கி.பி. 800 முதல் 1050 வரை) சேர்த்தே எண்ணுவது வழக்கம். கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளுக்கு 'ரோமானிய இரும்புக்காலம்' என்று பெயர். ரோமப் பேரரசு அங்கே ஒருபோதும் ஆளவில்லை. அதன் வெண்கலப் பாத்திரங்களும் கண்ணாடிக் கோப்பைகளும் நாணயங்களும் மட்டுமே போய்ச் சேர்ந்தன. வைக்கிங் காலத்துக்குச் சற்று முந்தைய நூற்றாண்டுகளை சுவீடனில் வெண்டல் காலம் என்றும், நார்வேயில் மெரோவிஞ்சியக் காலம் என்றும், டென்மார்க்கில் பிந்தைய ஜெர்மானிய இரும்புக்காலம் என்றும் அழைப்பதால், ஒரே காலத்தை மூன்றாக எண்ணிவிடக் கூடாது. ஒரு சுவீடன் அறிக்கை கி.பி. 10ஆம் நூற்றாண்டை 'வரலாற்றுக்கு முந்தைய காலம்' என்று குறித்தால் அதுவும் பிழையன்று. நீண்ட உள்ளூர் எழுத்து ஆவணங்கள் கிறித்தவத்துடன்தான் அங்கே பெருகின. அதற்கு முன் பெரும்பாலும் ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்தில் பொறித்த சுருக்கமான கல்வெட்டுகளே இருந்தன.

அடுத்து, சொல்லப்படும் ஆண்டு எந்தப் பொருளிலிருந்து பெறப்பட்டது என்று தேட வேண்டும். ஈரமான களிமண்ணும் சதுப்பு நிலமும் மரத்தைக் காப்பாற்றும் நிலப்பகுதி என்பதால், மரவளையக் கணிப்பு (மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு காலம் அறிவது) ஸ்காண்டிநேவியத் தொல்லியலுக்குப் பெரும் கொடையாக அமைந்துள்ளது. பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எஞ்சியிருந்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிடலாம். அது இல்லாதபோது கிடைப்பது 'இந்த ஆண்டுக்குப் பிறகு' என்ற கீழெல்லை மட்டுமே. செய்திகள் இந்த வேறுபாட்டை அடிக்கடி விழுங்கிவிடுகின்றன. மரம் வெட்டிய ஆண்டும் அடக்கம் நடந்த ஆண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. நார்வேயில் 1904இல் காப்ரியேல் குஸ்தாவ்சன் அகழ்ந்த ஓசபெர்க் கப்பல், அதாவது இறந்தவர்களை உள்ளே வைத்து மண்மேடிட்டு மூடிய கப்பல், இதற்கு நல்ல சான்று. கப்பல் கி.பி. 820ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. இரு பெண்களின் உடல்கள் கிடந்த அறையின் மரங்களோ 834இல் வெட்டப்பட்டவை. பிற்காலத்தில் மண்மேட்டைத் தோண்டி நுழைந்தவர்கள் விட்டுச்சென்ற மர மண்வெட்டிகளும் கிடைத்து, அந்த நுழைவு 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது என்று காட்டின. ஒரே மேட்டுக்கு இப்படி மூன்று வயது இருக்கும்போது, 'இது எந்த ஆண்டைச் சேர்ந்தது?' என்று பொதுவாகக் கேட்பதைவிட எந்தப் பொருளின் ஆண்டு என்று கேட்பதே சரி.

கதிரியக்கக் கரிமக் கணிப்பாக (உயிர்ப்பொருளில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் காண்பது) இருந்தால் இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரையிலான பகுதியில் திருத்தக் கோடு (அளந்த வயதை உண்மையான ஆண்டாக மாற்ற உதவும் வரைகோடு) ஏறத்தாழத் தட்டையாகக் கிடப்பதால், அக்காலப் பொருளுக்குப் பல நூற்றாண்டு அகலமுள்ள விடையே பெரும்பாலும் வரும்; வெண்கலக்காலத்தின் முடிவும் இரும்புக்காலத்தின் தொடக்கமும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன. இரண்டாவது, மீன். கடலுணவை நிறையத் தின்றவரின் எலும்பு உண்மை வயதைவிட ஏறத்தாழ 400 ஆண்டுகள் வரை பழையதாகத் தோன்றலாம். கடற்கரை மக்களின் எலும்பைக் கணித்த கட்டுரையில் உணவுமுறைக்கான திருத்தம் செய்யப்பட்டதா என்று பார்க்காமல் மேலே போகக் கூடாது.

ஒருவர் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வியில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். டென்மார்க்கின் எக்ட்வெட்டில் 1921இல் திறக்கப்பட்ட, ஓர் இளம்பெண்ணின் ஓக் மரச் சவப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். அமில ஈரத்தில் எலும்புகள் முற்றிலும் கரைந்துவிட்டன. தலைமுடி, பற்கள், நகங்கள், கொஞ்சம் தோல், கம்பளி மேற்சட்டை, கயிறுகளால் ஆன குட்டைப் பாவாடை, இடுப்பில் சுருள் கோலமிட்ட வட்ட வெண்கலத் தட்டு ஆகியவை எஞ்சின. காலடியில் இருந்த மரப்பட்டை வாளியில் தேன் கலந்த புளித்த பானத்தின் படிவு காணப்பட்டது. மரம் கி.மு. 1370இல் வெட்டப்பட்டது, உடலருகே வைத்திருந்த பூவைக் கொண்டு அடக்கம் கோடையில் நடந்தது என்று சொல்கிறார்கள். இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு 16 முதல் 18 வயது இருக்கலாம்.

2015இல் காரின் மார்கரீட்டா ஃப்ரெய் தலைமையிலான குழு, அவளுடைய பல், முடி, நகம், உடை ஆகியவற்றின் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதத்தை (அந்தத் தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளின் விகிதத்தை) அளந்து, அவள் இன்றைய டென்மார்க்குக்கு வெளியே பிறந்தவள், தென் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியாக இருக்கலாம் என்று முன்வைத்தது. இந்த விகிதம் பாறைக்குப் பாறை மாறும்; பாறையின் ஸ்ட்ரான்சியம் நீர், பயிர் வழியாக உடலுக்குள் போகிறது. பல்லின் எனாமல் சிறுவயது நிலத்தையும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும் முடி கடைசி ஓரிரு ஆண்டுகளின் நிலத்தையும் காட்டும் என்பது அடிப்படை. பல்லிலும் முடியிலும் கிடைத்த எண்கள் அளவீடுகள். 'கருங்காடு' என்பது அந்த எண்களை, எந்த நிலத்தில் என்ன விகிதம் என்று காட்டும் நிலப்படத்தோடு ஒப்பிட்டுப் பெற்ற ஊகம். அந்தப் படத்தையே 2019இல் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினர். இன்றைய வயல்களில் கொட்டப்படும் வேளாண் சுண்ணாம்பு நீரின் விகிதத்தை மாற்றிவிடுகிறது, சுண்ணாம்பு படாத இடங்களின் விகிதத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பெண் எக்ட்வெட் வட்டாரத்திலேயே வாழ்ந்திருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். ஃப்ரெய் குழு இதை ஏற்கவில்லை. ஆகவே ஐசோடோப்புக் கட்டுரை எதைப் படித்தாலும், ஒப்பீட்டுக்கான மாதிரிகள் எந்த நிலத்திலிருந்து எடுக்கப்பட்டன என்ற பத்தியை முதலில் தேடுங்கள். முடிவுரையை அதற்குப் பிறகு படிக்கலாம்.

அகழ்ந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். பழைய அகழ்வின் முடிவில் அக்கால எண்ணங்களும் கலந்திருக்கலாம். சுவீடனின் பிர்கா என்ற வைக்கிங் கால வணிக ஊரில் ஹயால்மர் ஸ்டோல்பே 1878இல் அகழ்ந்த பிஜே 581 (Bj 581) என்ற கல்லறையில் வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், இரு கேடயங்கள், இரு குதிரைகள், விளையாட்டுக் காய்கள் ஆகியவை இருந்தன. ஆயுதங்களைக் கண்டு ஆண் என்றே நூறாண்டுக்கு மேல் எண்ணினார்கள். எலும்பியல் நோக்கில் சிலர் ஐயம் எழுப்பிய பின், 2017இல் மரபணு ஆய்வு அது பெண் என்று காட்டியது. பால் குறித்த அந்த முடிவு உறுதியானது. அகழ்ந்த எலும்புகள் வேறு கல்லறையினுடையவையோ என்ற வாதத்துக்கு, எலும்புகளில் எழுதப்பட்ட கல்லறை எண்ணையும் ஸ்டோல்பே விட்டுச்சென்ற வரைபடத்தையும் காட்டி விடை தந்தார்கள். அவள் களத்தில் போரிட்டாளா என்பதற்கு மரபணுவில் விடை கிடையாது. அது ஈமப் பொருட்களை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. என் பார்வையில் 'வீராங்கனை' என்பது நியாயமான ஊகம், ஆனாலும் ஊகமே.

மேலும் தேட விரும்புவோர் செய்திப் பெயரை விட்டுவிட்டு அருங்காட்சியகப் பதிவு எண்ணைப் பயன்படுத்துவது நல்லது. பட்டப்பெயர்கள் மாறும், எண் மாறாது. நார்வே அருங்காட்சியக எண்களின் முன்னெழுத்தே இருப்பிடத்தைச் சொல்லிவிடும்: சி (C) என்றால் ஆஸ்லோ, பி (B) என்றால் பெர்கன், டி (T) என்றால் ட்ரோண்ட்ஹெய்ம். தொல்லிடங்களைத் தேட சுவீடனில் ஃபோர்ன்சோக், நார்வேயில் குல்தூர்மின்னசோக், டென்மார்க்கில் ஃபுண்ட் ஓ ஃபோர்டிட்ஸ்மின்னர் ஆகிய இணையப் பதிவேடுகள் இலவசமாகத் திறந்துள்ளன. விவரங்கள் உள்ளூர் மொழியில் இருந்தாலும் இயந்திர மொழிபெயர்ப்பு பெரும்பாலும் போதும். நேரில் செல்பவர்கள் சட்டத்தை மறக்க வேண்டாம்: சுவீடனில் அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்த முடியாது, நார்வேயில் 1537க்கு முந்தைய தொல்லிடங்கள் தாமாகவே பாதுகாப்புக்கு உட்பட்டவை.