முடிவு தெரிந்த காதல் கதையைப் படிப்பது எப்படி

பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்துக்கு விளக்கு ஏற்றியதும் இராமன் ஜெயிப்பானா மாட்டானா என்று யாரும் நகம் கடிப்பதில்லை. கம்பன் பாட்டு, ஊருக்கே தெரிந்த கதை, சில இடங்களில் 21 இரவு ஓடும். பாவை ஆட்டும் புலவர் எந்தப் பாட்டில் நின்று என்ன வியாக்கியானம் சொல்கிறார் என்பதில்தான் ருசி. குயர் ரொமான்ஸ் நாவலையும் அந்தக் காதோடுதான் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ கடைசிப் பக்கத்தில் சேர்ந்திருப்பார்கள். அது முன்கூட்டியே கொடுக்கப்பட்ட வாக்கு. மாத நாவல் படித்து வளர்ந்த கைகளுக்கு இது புதிதும் இல்லை. எந்த வாக்கை எந்தப் புத்தகம் கொடுக்கிறது என்று வாங்கும் முன்பே பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வாங்கும் முன்

முதலில் முடிவு. ஆங்கில ரொமான்ஸ் வாசகர்களுக்கு எச்.இ.ஏ. (ஹேப்பிலி எவர் ஆஃப்டர்) என்றால் கடைசிவரை சேர்ந்து வாழ்கிறார்கள் என்று பொருள், எச்.எஃப்.என். (ஹேப்பி ஃபார் நவ்) என்றால் இப்போதைக்குச் சுகம், மேற்கொண்டு பிறகு. இந்த இரண்டில் ஒன்று இல்லாத புத்தகத்தை ரொமான்ஸ் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இங்கேதான்: 'குயர்' என்ற பட்டியலில் இருக்கும், அட்டையும் அழகாக இருக்கும், ஆனால் வகை பொதுப் புனைவாக இருக்கும். அதில் ஒருவர் செத்துப்போகலாம், இருவரும் பிரிந்தே போகலாம். அது நல்ல நாவலாகவே இருக்கட்டும், மனசு லேசாக வேண்டும் என்று எடுத்தவருக்கு அது வேறு சாமான். கடைப் பக்கத்தில் வகை என்ற இடத்தில் 'ரொமான்ஸ்' என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அடுத்தது சூடு. படுக்கையறைக் கதவு மூடிக்கொள்ளும் நாவல் உண்டு, அகலத் திறந்திருக்கும் நாவலும் உண்டு. விளையாட்டு வீரர்கள் காதலிக்கும் விளையாட்டு ரொமான்ஸில் பெரும்பகுதி இரண்டாவது ரகம். கார்ட்டூன் பாணி அட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் புத்தகம் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். இன்று அந்த அட்டை எதற்கும் உத்தரவாதம் இல்லை. எழுத்தாளரின் இணையதளத்திலோ முதல் பக்கங்களிலோ உள்ளடக்க எச்சரிக்கை இருந்தால் அதை நம்புங்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்றால் இளையோர் வகையில் மட்டும் தேடுங்கள். 'ஹார்ட்ஸ்டாப்பர்' பள்ளிக்கூட ரக்பி அணிப் பையனும் அவன் பக்கத்தில் உட்காரும் பையனும் வரும் படக்கதை. சொற்கள் குறைவு என்பதால் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிப் படிக்கும் பெரியவர்களுக்கும் அதுவே நல்ல தொடக்கம்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். 2022இல் மட்டும் 'ஐஸ்பிரேக்கர்' என்ற தலைப்பில் இரண்டு ஐஸ் ஹாக்கி காதல் நாவல்கள் வந்தன. ஏ. எல். கிராஸியாடி எழுதியதில் காதலிப்பது இரண்டு பையன்கள். ஹானா கிரேஸ் எழுதியதில் ஹாக்கி கேப்டனும் பனிச்சறுக்கு நடனக்காரியும். தலைப்பை மட்டும் தட்டித் தேடினால் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது. எழுத்தாளர் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.

வரிசை

ரொமான்ஸ் தொடர்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஜோடி. அதனால் எங்கிருந்தும் தொடங்கலாம் என்பார்கள். பாதிதான் உண்மை. ரேச்சல் ரீடின் 'கேம் சேஞ்சர்ஸ்' என்ற ஐஸ் ஹாக்கித் தொடரின் முதல் ஆறு பாகங்களைப் பாருங்கள். இரண்டாவதான 'ஹீட்டட் ரைவல்ரி'யில் வரும் ஜோடியே ஆறாவதான 'தி லாங் கேம்'இல் திரும்பி வருகிறது. அந்த இருவருக்காகவே படிப்பவர் 2, பிறகு 6 என்று தாண்டலாம். நடுவில் உள்ளவர்கள் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது அங்கே போகிற போக்கில் தெரிந்துவிடும், அவ்வளவுதான் நஷ்டம்.

முன்கதை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டிராவிஸ் பால்ட்ரியின் 'லெஜெண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' 2022இல் வந்தது. 2023இல் வந்த 'புக்ஷாப்ஸ் அண்ட் போன்டஸ்ட்' அதே நாயகியின் இளமைக் காலத்துக் கோடைக் காதல் கதை. காலவரிசைப்படி படிக்கிறேன் என்று பிந்தியதை முதலில் எடுத்தால், அந்தக் கோடைக் காதல் நிலைக்குமா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். வெளிவந்த வரிசையில் படித்தவருக்கு அவள் பின்னால் யாரோடு இருப்பாள் என்பது தெரியும். ஆகவே பிரிவைக்கூட நிம்மதியாக ரசிப்பார்.

ஹாக்கி, தேவையான அளவு மட்டும்

நம் பக்கம் செவன்ஸ் கால்பந்தும் கபடியும் பார்த்த கண்ணுக்கு ஐஸ் ஹாக்கி பிடிபட அரைமணி நேரம் போதும். பனித்தளத்தில் ஒரு பக்கம் ஆறு பேர்: கோல் காப்பவர் ஒருவர், மற்றவர்கள் ஐந்து பேர். ஆட்டம் இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஆட்டம் நிற்காமலே ஆள் மாறுவார்கள், ஒருவர் ஒரு மூச்சில் ஆடுவது முக்கால் நிமிடம் சுமார். அதை 'ஷிஃப்ட்' என்பார்கள். சின்னத் தப்புக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கிடத்தில் உட்கார வேண்டும். எதிரணிக்கு ஓர் ஆள் கூடுதல் என்ற அந்த நேரம்தான் 'பவர் பிளே'. கபடியில் ஆள் குறைந்த அணி திணறுவது போலத்தான், ஆனால் இங்கே எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டால் உட்கார்ந்தவர் நேரம் முடியும் முன்பே எழுந்து வரலாம்.

ஆட்டத்தைவிடக் கதைக்கு முக்கியம் ஒப்பந்தம். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் வீரரைக் கேட்காமலே அணி அவரை வேறு ஊர் அணிக்கு மாற்றிக் கொடுக்க முடியும். அதுதான் 'டிரேடு'. மாற்றத்துக்குத் தடை என்று எழுதி வாங்கிய ஒப்பந்தக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. காதலர்களில் ஒருவர் காலையில் ஒரு ஊரிலும் இரவில் இரண்டாயிரம் மைல் தள்ளியும் இருப்பது எழுத்தாளர் பிடித்து இழுத்த திருப்பம் இல்லை. எதிரெதிர் அணியில் இருக்கும் இருவர் ஏன் வருஷத்தில் சில தடவை மட்டும், அதுவும் ஹோட்டல் அறையில் சந்திக்கிறார்கள் என்பதற்கு லீகின் ஆட்ட அட்டவணைதான் காரணம்.

ஏன் இத்தனை ஒளிவுமறைவு என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு தகவல். என்.எச்.எல். அணி ஒன்றோடு ஒப்பந்தத்தில் இருந்துகொண்டே தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் வீரர் லூக் புரோகாப். அது 2021 ஜூலையில்தான் நடந்தது. நாவலில் உடைமாற்றும் அறையில் ஒருவன் போனைக் கவிழ்த்து வைக்கிறான் என்றால் அதன் கனம் இது தெரிந்தவருக்குத்தான் புரியும்.

யார் இந்த 'அவன்'?

இரண்டு ஆண்கள் இருக்கும் அறையில் 'ஹி' யார் என்பது ஆங்கிலத்திலும் சிக்கல்தான், தமிழ் மனசுக்குள் 'அவன்' என்று மாறினாலும் அதே சிக்கல்தான். போதாக்குறைக்கு ஹாக்கிக்காரர்களுக்கு மூன்று பெயர்: காதலன் கூப்பிடுவது ஒன்று, சட்டை முதுகில் இருப்பது ஒன்று, அணி நண்பர்கள் அதையும் சுருக்கி வைத்தது ஒன்று. முதல் மூன்று அத்தியாயத்துக்குள் ஒரு காகிதத் துண்டில் எழுதிப் புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத் தலைப்பில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் அது அவர் பார்வையில் சொல்லப்படுகிறது என்று பொருள். அதைத் தாண்டிப் போய்விட்டு நாலு பக்கம் கழித்துக் குழம்புகிறவர்கள் அதிகம். ஒற்றை ஆளை 'தே' என்று குறிக்கும் பாத்திரம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நமக்கு 'அவர்' கையிலேயே இருக்கிறது.

காபிக் கடைக் கதைகள்

கோஸி ஃபேன்டஸியில் வாள் வரும், மந்திரம் வரும், போர் வராது. பக்கம் நூறு தாண்டியும் எதுவும் நடக்கவில்லையே என்று மூடி வைக்கிறவர்கள் தப்பான இடத்தில் கதையைத் தேடுகிறார்கள். 'லெஜெண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்'இல் கூலிக்கு வாள் சுழற்றிய விவ் என்ற பெண் (ஆர்க் என்னும் கற்பனை இனம்), காபி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் காபிக் கடை வைக்கிறாள். கட்டடம் வாங்குவது, ஆள் சேர்ப்பது, முதல் நாள் ஈ ஓட்டுவது, பலகாரம் சேர்ந்ததும் கூட்டம் வருவது: கதையே அதுதான். டிகாக்ஷன் இறங்கும் வாசனையில் கண் விழிக்கிற நமக்கு, ஓர் ஊரே காபியை முதல் தடவை முகர்வதைப் படிப்பதில் தனிச் சுகம் உண்டு. காதலும் அந்த வேகத்தில்தான் வரும். விவ்வும் அவள் வேலைக்குச் சேர்த்த தாண்ட்ரி என்ற பெண்ணும் கடையில் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் காட்சிகளைத் தாண்டிப் போனால், கடைசியில் காதல் திடீரென்று முளைத்தது போலத் தோன்றும்.

இந்த வகையில் மூன்றை அடுத்தடுத்துப் படிக்காதீர்கள். பால்கோவா கணக்கு, மூன்றாவது துண்டில் திகட்டும். நடுவில் ஒரு ஹாக்கி நாவல் சரியான காரம்.

நேரக் கணக்கு

விளையாட்டு ரொமான்ஸ் ஒன்று 90,000 சொல் என்று வைப்போம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு 600 நிமிடம், அதாவது பத்து மணி நேரம். பாலக்காட்டிலிருந்து கோவைக்கு தினம் ரயிலில் வேலைக்குப் போகிறவர், போக ஒரு மணி வர ஒரு மணி படித்தால் திங்களில் தொடங்கியது வெள்ளி மாலை முடியும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த நாவல்களில் பெரும்பாலானவற்றில் 75இலிருந்து 80 சதவீதத்துக்குள் ஒரு பிரிவு வரும். கணக்குப்படி அது வியாழன் மாலை, கஞ்சிக்கோடு தாண்டும் நேரம். அங்கே நிறுத்தி வீட்டுக்குப் போனால் ராத்திரிச் சோறு இறங்காது. ஒன்று, புதன் இரவு வீட்டில் கொஞ்சம் கூடுதலாகப் படித்து அந்த இடத்தை முன்னே தள்ளுங்கள்; இல்லையென்றால் வியாழன் இரவு இரண்டு மணி நேரத்தைக் காலியாக வையுங்கள். புத்தகத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள், வாளையார்க் காட்டு ஓரத்தில் சிக்னலை நம்ப வேண்டாம்.

படுக்கையறைக் காட்சிகள் ஒத்துவராதவர்கள் தாராளமாகத் தாண்டலாம். ஆனால் காட்சியின் கடைசி ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள். பேச வேண்டியதை இருவரும் பேசுவது அங்கேதான்.

வீட்டில் இருக்கும் மற்றவர்கள்

கூட்டுக் குடும்பத்தில் போன் பொதுச் சொத்து. கிண்டில் கணக்கைப் பகிர்ந்திருந்தால் நீங்கள் வாங்கிய அட்டை மாமியார் டேப்லெட்டிலும் எட்டிப் பார்க்கும். தனி மின்னஞ்சலில் தனிக் கணக்கு வைப்பது நல்லது. கிண்டில் கருவியில் தூங்கும் திரையில் அட்டை தெரிவதை அமைப்புகளில் நிறுத்தலாம். குட்ரீட்ஸ் என்ற வாசகர் தளத்தில் புத்தகத்தைச் சேர்த்ததும் நண்பர்களுக்குச் செய்தி போகும், தனியுரிமை அமைப்பை முதலிலேயே மாற்றுங்கள். அச்சுப் புத்தகம் என்றால் பிள்ளைகள் நோட்டுக்குப் போடும் காக்கி அட்டை போதும், ரயிலில் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

டெலிகிராமில் சுற்றும் திருட்டு பி.டி.எஃப். வேண்டாம். எழுத்தாளர் வயிற்றில் அடிப்பது ஒரு பக்கம். கடைசி அத்தியாயம் விடுபட்ட கோப்பு வந்து சேர்ந்தால், வாக்கு கொடுத்த அந்த முடிவே உங்கள் கைக்கு வராது.