சோலைக்குள் மான் பார்க்க பைனாகுலர் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன டிசம்பரில் கோவையிலிருந்து அக்கா மகன் கோத்தகிரிக்கு வந்திருந்தான். கழுத்தில் புத்தம்புது பைனாகுலர், 20×50. காலை ஆறரை மணி இருக்கும். வீட்டுக்குக் கீழே தேயிலை முடிந்து சோலை, அதாவது மலைமடிப்பில் இருக்கும் அடர்காடு, தொடங்கும் இடத்தில் நின்றோம். முப்பது மீட்டர் உள்ளே ஒரு பெண் கடமான். அதன் காது ஒருமுறை அசைந்ததை நான் வெறும் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அவன் பைனாகுலரைத் தூக்கினான், இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான், சக்கரத்தை உருட்டினான். "மாமா, எல்லாம் இலையாத்தான் தெரியுது." அதற்குள் அது முன்னங்காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, கணீரென்று ஒரு குரல் கொடுத்து உள்ளே போய்விட்டது.

அவனுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கிய பொருள்தான் அந்த இடத்துக்கு ஒத்துவராதது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மான் பார்க்க வருபவர்களில் நிறைய பேர் இதே தவறைச் செய்வதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிதாகக் காட்டுவதுதான் நல்லது என்று நினைப்பது

பைனாகுலரின் மேல் 8×42, 10×42, 20×50 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்குப் போகிறவர் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார். 8-ஐ விட 20 பெரிது, விலையும் ஒன்றும் கூடுதல் இல்லை, சரி, அதையே கொடுங்கள் என்கிறார்.

மடங்கு கூடக்கூடப் பார்வையின் அகலம் சுருங்கும். நல்ல 8×42 ஒன்றில் 1000 மீட்டர் தூரத்தில் 130, 140 மீட்டர் அகலம் தெரியும். 20×50-இல் அதே தூரத்தில் சுமார் 55 மீட்டர்தான். இதைச் சோலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். முப்பது மீட்டரில் 8 மடங்கு உங்களுக்கு நான்கு மீட்டர் அகலத்தைக் காட்டும். அதில் ஒரு கடமானும், அது நிற்கும் இடமும், பக்கத்து மரமும் அடங்கும். 20 மடங்கில் ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும். வளர்ந்த கடமானின் உடம்பே முழுசாக அடங்காது. நேராக அதன் மேலேயே குறி வைத்திருந்தாலும் ஒரு பழுப்புத் துண்டு மட்டும் தெரியும். அது மானா மரப்பட்டையா என்று உங்களுக்குப் புரிவதற்குள் நேரம் போய்விடும்.

இதை விடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. புதருக்குள் உங்களுக்கும் மானுக்கும் நடுவே வெறும் காற்று இருக்காது. குறிஞ்சிச் செடிகளின் தண்டு, கொடி, காய்ந்த குச்சி, பாசி தொங்கும் கிளை எல்லாம் வரிசையாக நிற்கும். பைனாகுலர் ஒரு குறிப்பிட்ட தூரத்தை மட்டும்தான் கூர்மையாகக் காட்டும், அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் ஆழம் சேர்ந்து தெரியும். மடங்கு கூடும்போது அந்த ஆழம் அதன் வர்க்கத்துக்குக் குறையும். அதாவது 20 மடங்கில் கூர்மையாகத் தெரியும் ஆழம், 8 மடங்கில் தெரிவதில் ஆறில் ஒரு பங்குதான். பத்து மீட்டரில் இருக்கும் இலையில் கூர்மை விழுந்துவிட்டால் முப்பது மீட்டரில் நிற்கும் மான் சுத்தமாகக் கரைந்துவிடும். அக்கா மகனுக்கு நடந்தது அதுதான். கை நடுக்கமும் இருபது மடங்காகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் என் முடிவு இது: சோலைக்கும், சீகை (வாட்டில்) மரக் காட்டுக்கும், முதுமலையில் உண்ணிச்செடி மண்டிய ஓரங்களுக்கும் 8×42. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும் அதுவே. 7 மடங்கு இன்னும் வசதி, ஆனால் கடைகளில் நல்லதாகக் கிடைப்பது அரிது. முக்கூர்த்திப் பக்கம் எதிர்மலைப் புல்வெளியில் வரையாடு பார்க்கிறவருக்கு 10×42 பொருந்தும். அங்கே முன்னால் மறைக்க ஒன்றும் கிடையாது. புல்வெளிக்கு ஏற்றது சோலைக்கும் ஏற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிச்சத்தை மறப்பது

கடமானும், கேளையாடு என்கிற சிறிய குரைக்கும் மானும் விடிகாலையிலும் அந்தியிலும்தான் ஓரத்துக்கு வரும். சோலைக்குள் அந்த நேரத்து வெளிச்சம் மிகக் குறைவு, அதோடு மூடுபனி வேறு. பட்டப்பகலில் கடை வாசலில் நின்று எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து, "நல்லாத் தெரியுதே" என்று வாங்குவது அதனால்தான் தவறாகிறது.

கணக்கு எளிது. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். வருவது, கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம். 8×42-க்கு 5.25 மில்லிமீட்டர். 10×42-க்கு 4.2. சட்டைப்பையில் போடும் 10×25-க்கு 2.5, அந்த 20×50-க்கும் அதே 2.5. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சுமார் 5 என்று வைத்துக்கொள்ளலாம். கண் 5 மில்லிமீட்டர் திறந்து காத்திருக்கும்போது 2.5-ஐ மட்டும் கொடுத்தால் படம் மங்கித்தான் தெரியும். அதற்காக 7×50 என்று கனமானதை வாங்கினால், அது தரும் 7 மில்லிமீட்டரில் பாதி வெளிச்சம் என் வயதுக்காரர் கண்ணுக்குள் நுழையவே நுழையாது. கழுத்துக்குத்தான் ஒரு கிலோ பாரம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்புங்கள். கண் வைக்கும் பக்கத்தில் இரண்டு வெளிச்சப் பொட்டுகள் தெரியும். அவை முழு வட்டமாக, ஓரம் வரை ஒரே வெளிச்சமாக இருந்தால் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் மலிவான கண்ணாடி.

சிவப்பாக மினுமினுக்கும் கண்ணாடியில் மயங்குவதும் உண்டு. சுற்றுலா இடங்களில் அதுதான் அதிகம் விற்கிறது. அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் வெளியிலிருந்து சிவப்பாகத் தெரிகிறது. உள்ளே வரும் படம் பச்சையடிக்கும். பச்சைக்குள் நிற்கும் ஒரு பழுப்பு விலங்கைப் பிரித்துப் பார்க்கத்தான் நாம் போகிறோம், அந்தப் பழுப்பையே கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? நல்ல பூச்சு, சாய்த்துப் பார்த்தால் லேசான பச்சை அல்லது ஊதா நிழலடிக்கும், அவ்வளவுதான்.

10-இலிருந்து 30 வரை கூட்டிக் குறைக்கும் ஜூம் பைனாகுலர் வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன எல்லாக் குறையும் அதில் ஒன்றாக இருக்கும்.

கண்ணாடி போடுகிறவர்கள் செய்யும் தவறு

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். காட்டில் அது நடக்காது. கழற்றி, பையில் வைத்து, பைனாகுலரைத் தூக்குவதற்குள் கேளையாடு இரண்டு வளைவு தாண்டியிருக்கும். பெட்டியில் 'ஐ ரிலீஃப்' என்று ஓர் அளவு போட்டிருக்கும்; கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் படம் முழுசாகத் தெரியும் என்பதன் அளவு அது. அந்த அளவு 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கண் வைக்கும் ரப்பர் குவளை திருகி உள்ளே இறங்க வேண்டும்.

மலை ஈரத்தைக் கணக்கில் எடுக்காதது

எனக்கு மனசு வலித்த விஷயம் இது. முதன்முதலில் நான் வாங்கிய பைனாகுலரை அதோடு வந்த தோல் உறையிலேயே போட்டு, பீரோவில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தேன். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும். மூன்று மழைக்காலம் போனது. ஒருநாள் வெயிலில் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் பால் பூசியது போல மங்கல். டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்கண்ணாடியின் உள்பக்கம், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகப் பூஞ்சை. பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். பூஞ்சை போனது. அது அரித்த தடம் கண்ணாடியில் அப்படியே நின்றுவிட்டது.

தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உள்ளே இருட்டு வேறு, பூஞ்சைக்கு அதை விட நல்ல இடம் கிடையாது. ரப்பர் பட்டை வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, சிலிக்கா ஜெல் போட்டு அதில் வையுங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகை நல்லது, ஈரம் குடித்துவிட்டதா என்று நிறத்திலேயே தெரியும். பச்சையாகிவிட்டால் 100, 120 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்தால் பழைய நிறத்துக்கு வரும். சமையலுக்கு எடுக்கும் பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். ஈரமாக வீட்டுக்கு வந்தால் அன்றிரவு டப்பாவில் அடைக்காதீர்கள். துடைத்துக் காற்றாட விட்டு மறுநாள் உள்ளே வையுங்கள்.

வாங்கும்போதே நைட்ரஜன் நிரப்பி முத்திரையிட்டதா என்று கேளுங்கள். மழையில் நனையக்கூடாது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஜனவரிப் பனியில் அவலாஞ்சிப் பக்கம் நின்றுவிட்டு, வெதுவெதுப்பான வண்டிக்குள் ஏறியதும் சாதாரண பைனாகுலரின் உள்ளேயே ஆவி படியும். அதை நீங்கள் துடைக்க முடியாது. முத்திரையிட்டதில் வெளியே மட்டும் படியும், இரண்டு நிமிடத்தில் போய்விடும். அப்புறம், வேட்டி நுனியாலோ சட்டை நுனியாலோ கண்ணாடியைத் தேய்க்கிற பழக்கத்தை விடுங்கள். முதலில் தூசியை ஊதித் தள்ளிவிட்டுப் பிறகு மெல்லிய துணி.

முழு மானைத் தேடுவது

சரியான பைனாகுலரைக் கையில் வைத்துக்கொண்டும் ஒன்றும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவருடைய அப்பா, துரைமார்கள் உரிமம் வாங்கி வேட்டையாடிய காலத்தில் அவர்களுக்குத் தடம் காட்டப் போனவராம். (நீலகிரியில் வேட்டைக்குக் கட்டுப்பாடு வைத்துத் தனிச் சட்டம் 1879-லேயே வந்தது. இப்போது 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவதே குற்றம்.) தடம் பார்க்கும் அறிவு மட்டும் அப்பாவிடமிருந்து இவருக்கு வந்திருந்தது. சோலை ஓரம் உட்கார்ந்து அவர் சொன்னது: "முழு மானைத் தேடாதீங்க தம்பி. காட்டுல எல்லாம் நட்டுக்குத்தாத்தான் நிக்கும். படுக்கையா ஒரு கோடு தெரிஞ்சா அது முதுகு."

அன்றிலிருந்து நான் கோடுதான் தேடுகிறேன். படுக்கைக் கோடு, காது ஆட்டம், ஈர மூக்கின் மினுக்கம். இன்னொன்றும் அவரிடம் கற்றது: நிற்காமல் உட்கார்ந்து பார்ப்பது. சோலைச் செடிகளில் இலையெல்லாம் இடுப்புக்கு மேலேதான் அடர்த்தி, கீழே தண்டுகள் மட்டும். குனிந்தால் அந்த இடைவெளியில் நான்கு கால்கள் தெரியும்.

மானைப் பார்த்ததும் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். கண்ணை மானிடமிருந்து எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நடக்கும்போதே முப்பது மீட்டரில் ஒரு மரத்தைப் பார்த்துக் கூர்மையை வைத்துக்கொண்டால் பிறகு ஒரு விரல் அசைவு போதும். வலது கண் பக்கத்து வளையத்தை வாங்கிய அன்றே உங்கள் கண்ணுக்குச் சரிசெய்துவிடுங்கள். அதைத் தொடாமலே வருடக்கணக்கில் தலைவலியோடு பார்க்கிறவர்களை நான் அறிவேன்.

உடையிலும் ஒரு தவறு. சிவப்பு ஆகாது என்று சொல்லி நீல ஜெர்கின் போட்டு வருகிறார்கள். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கல்தான், நீலம்தான் எடுப்பாகத் தெரியும். பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை போதும்.

பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. கோத்தகிரித் தேயிலைக்குள்ளும் கொடைக்கானல் தெருக்களிலும் காட்டுமாடு சாதாரணமாக நிற்கிறது, கரடியும் உண்டு. தூக்குமுன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவும் வேண்டாம். பேரிஜம் போக வனத்துறை அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். மான் ஓரத்துக்கு வரும் நேரம் தெரிந்தால் சாலையோரத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

பணம் குறைவாக இருந்தால் நேர்க்குழாய் வடிவத்தை விட, தோள்பட்டை அகன்ற பழைய வடிவமே அந்த விலைக்கு நல்ல படம் தரும். பழையதை வாங்குவதானால் முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து நூல் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தூரத்தில் ஒரு மின்கம்பத்தைப் பார்த்து, ஒரு கண்ணை மூடி மூடித் திறங்கள். திறந்த நொடியில் கம்பம் இரண்டாகத் தெரிந்து பிறகு ஒன்று சேர்ந்தால், எங்கோ கீழே விழுந்து உள்ளே நகர்ந்த பொருள் அது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.