எடுப்பதா, விடுவதா: புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்களுக்கு

நான் பிடித்த முதல் மீனை நான் தின்னவும் இல்லை, தண்ணீருக்குத் திருப்பித் தரவும் இல்லை. கால் வாளித் தண்ணீரில் போட்டுவைத்து, சமைக்கலாமா, விட்டுவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாம் என்று எழுந்தபோது அது மல்லாந்து கிடந்தது. சரி, சமைப்போம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வயிறு உப்பி நாறியது. குப்பைக்குத்தான் போனது.

ஆகவே முள் கட்டும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். இன்று மீனை எடுக்கப்போகிறீர்களா, விடப்போகிறீர்களா? எந்த நீர்நிலைக்குப் போவது, எந்த முள் கட்டுவது, பனிக்கட்டி வேண்டுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தவை.

படி 1: தண்ணீரைப் பாருங்கள்

அந்த நீர்நிலையில் தூண்டில் போட அனுமதி உண்டா, உரிமம் வேண்டுமா, இனப்பெருக்கக் காலத் தடை இருக்கிறதா, எந்த மீனுக்கு என்ன அளவு வரம்பு என்று முதலில் விசாரியுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும். "எல்லாரும்தான் பிடிக்கிறார்கள்" என்பது அனுமதி ஆகாது.

சாப்பிட எடுப்பதென்றால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் இடத்தில் பிடித்த மீன் உணவுக்கு வேண்டாம். பச்சைப் பெயின்டைக் கொட்டியதுபோல் தண்ணீரின் மேல் பாசி திரண்டிருந்தால் அன்று அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள். அது நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு மீனின் ஈரலிலும் குடலிலும் சேரும், கொதிக்கவைத்தாலும் அழியாது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து பாதரசம். சிறிய உயிரைப் பெரியது தின்னத் தின்ன அது மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். அதனால் மற்ற மீன்களை வேட்டையாடும், வயது முதிர்ந்த பெரிய மீன்களில்தான் அதிகம் இருக்கும். அது தசையோடு பிணைந்திருப்பதால் கழுவியும் போகாது, வறுத்தும் போகாது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. அந்த நீர்நிலை மீனை எவ்வளவு உண்ணலாம் என்று அரசு எச்சரிக்கை ஏதும் இருந்தால் அதன்படி நடங்கள்.

படி 2: கருவிகள்

தொடக்கத்துக்கு எளிய கோல், நைலான் நரம்பு, தக்கை, சில சிறு முட்கள் போதும். நரம்பு மட்டும் மிக மெல்லியதாக வேண்டாம். மெல்லிய நரம்பில் மீனை நெடுநேரம் இழுத்து விளையாடுவது பிடிப்பவருக்குப் பெருமையாக இருக்கலாம். மீன் களைத்துப்போய், விட்ட பிறகும் பிழைக்காமல் போகலாம்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீளும் சிறு கூர் இருக்கும். விடப்போகிறீர்கள் என்றால் அதைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. முள்ளும் ஒரே திருகில் கழன்றுவரும். உங்கள் விரலில் ஏறினாலும் அப்படியே.

ஈயக் குண்டுக்குப் பதில் வெள்ளீயம் அல்லது எஃகுக் குண்டு வாங்குங்கள். தொலைந்த ஈயத் துண்டுகளைக் கூழாங்கல் என்று விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. பிரிட்டனில் இதற்காகவே 1987இல் பெரும்பாலான ஈயக் குண்டுகளைத் தடை செய்தார்கள்.

முடிச்சுக்கு, நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, தன்மீதே ஐந்து முறை முறுக்கி, காதருகே உண்டான வளையத்துக்குள் நுனியை விட்டு இழுங்கள். இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே வலுவிழக்கும்.

படி 3: வீசுவதும் காத்திருப்பதும்

வீசும் முன் பின்னால் ஆள் நிற்கிறாரா, தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். இடி இடித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கோலை ஊன்றிவிட்டு அரட்டை அடிக்கப் போகாதீர்கள். தக்கை அமிழ்ந்ததும் இழுத்தால் முள் உதட்டில் மாட்டும். தாமதித்தால் இரையோடு தொண்டைக்குள் போய்விடும்.

படி 4: மீன் கைக்கு வந்ததும்

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். மீனின் மேல் இருக்கும் வழவழப்பு நோய்க்கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கையும் துணியும் அதை வழித்து எடுத்துவிடும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். கூடுமானவரை தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். வெளியே எடுத்தால் நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள்; உங்களுக்கு முட்டும்போது மீனுக்கு அதற்கு முன்பே முட்டியிருக்கும்.

முள் தொண்டையில் ஆழமாகப் போயிருந்தால் பிடுங்காதீர்கள். வாயருகே நரம்பை வெட்டிவிட்டு விடுவதே மேல். வெட்டிய துண்டு நரம்புகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் விட்டால் பறவையின் காலில் சுற்றும்.

கெளுத்தி வகைகளின் முதுகிலும் செவுளுக்குப் பக்கத்திலும், தேளிக்குச் செவுளுக்குப் பக்கத்திலும் விஷ முள் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் கையை அமிழ்த்தினால் வலி தணியும். முள் முறிந்து உள்ளே தங்கினாலோ, வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

படி 5: விடுவதென்றால்

ஒருமுறைகூட முட்டையிடாத சிறு மீனை விடுவது எல்லாருக்கும் தெரியும். மிகப் பெரிய பெண் மீனையும் விட வேண்டும் என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. சிறிய பெண் மீன்களைவிடப் பல மடங்கு முட்டை அதுதான் இடும். குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் நிற்கும் விராலைத் தூண்டிலில் சீண்டாதீர்கள். தாய் தந்தை விலகியதும் மற்ற மீன்கள் குஞ்சுகளை விழுங்கிவிடும்.

விடும்போது மீனை நிமிர்த்தி, ஓட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்திருங்கள். அது தானே உதறிக்கொண்டு போகட்டும். வெயில் காலத்தில் அதிகாலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏந்தும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். களைத்த மீன் அதில் தேறுவது கடினம்.

ஓர் இடத்தில் பிடித்ததை வேறு நீர்நிலையில் விடாதீர்கள். மிஞ்சிய உயிர் இரையையும் தண்ணீரில் கொட்ட வேண்டாம். வேற்று இனங்களும் நோய்களும் பரவுவது இப்படித்தான்.

படி 6: எடுப்பதென்றால்

உடனே கொல்லுங்கள். கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலையின் மேல் கனமான கட்டையால் ஓங்கி அடியுங்கள். அரைகுறையாகத் தட்டுவதில் கருணை எதுவும் இல்லை. பிறகு செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, பனிக்கட்டியில் புதையுங்கள். மீனின் எடைக்குச் சமமான எடைப் பனிக்கட்டி வேண்டும். வெதுவெதுப்பான வாளியில் கிடந்து செத்த மீன் வீட்டுக்கு வரும்போதே கெடத் தொடங்கியிருக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

படி 7: ஆய்வது

வயிற்றைக் கீறும்போது கத்தியை ஆழமாக இறக்காதீர்கள். பித்தப்பை உடைந்தால் கசக்கும். கெண்டை இனங்களின் பித்தப்பை கசப்போடு நிற்பதில்லை. அதை மருந்து என்று நம்பி விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. குடலையும் ஈரலையும் எறிந்துவிடுங்கள். ஆனால் தண்ணீரில் வேண்டாம். தோலையும் அடிவயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் கொழுப்பில் சேரும் மாசுகள் குறையும்.

சேற்று வாடைக்குக் காரணம் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின். புளிப்பு அதைச் சிதைக்கும் என்பதால் எலுமிச்சைச் சாற்றில் சற்று நேரம் ஊறவைத்தால் வாடை குறையும்.

படி 8: வேகவைப்பது

எலுமிச்சைச் சாறு வாடையைத்தான் குறைக்கும், புழுவைக் கொல்லாது. நன்னீர் மீனை ஒருபோதும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்னாதீர்கள். கெண்டை இனங்களில் இருக்கக்கூடிய கல்லீரல் தட்டைப்புழு மனிதருக்குப் பித்தநாளப் புற்றுநோயை உண்டாக்கும். வேறு சில மீன்களிலிருந்து தொற்றும் நாடாப்புழு குடலில் 10 மீட்டர் வரைகூட வளரும். உப்பிலும் வினிகரிலும் ஊறவைப்பதை நம்ப முடியாது. உறையவைத்துக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

உட்பகுதி 63 டிகிரி சூட்டை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் சதை கண்ணாடிபோல் இல்லாமல் வெளுத்து, அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். வால் பக்கம் சீக்கிரம் வெந்துவிடும். பதம் பார்ப்பதென்றால் முதுகின் தடித்த இடத்தில், முள்ளை ஒட்டிப் பாருங்கள்.