மூன்று கிளாஸ், ஒரு செம்பு தண்ணீர்: விஸ்கியை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

மச்சான் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் எங்கள் பாளையங்கோட்டை வீட்டு மாடியில் இதே பேச்சுதான்: "சிங்கிள் மால்ட்தான் அசல். பிளெண்டெல்லாம் கலப்படம்." எனக்கு அந்தக் கலப்படம் என்ற சொல்லில்தான் சண்டை. சிங்கிள் என்றால் ஒரே பீப்பாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, ஒரே வடிசாலை என்றுதான் அர்த்தம். முளைகட்டிய பார்லியை (அதுதான் மால்ட்) மட்டும் வைத்து, செம்புப் பானையில் வடித்து, பல பீப்பாய்களில் ஊறியதைக் கலந்துதான் அதையும் அடைக்கிறார்கள். பிளெண்டில் பல வடிசாலைகளின் மால்ட் விஸ்கியோடு, கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களில் வடித்த லேசான விஸ்கியும் சேரும். ஸ்காட்ச், அதாவது ஸ்காட்லாந்து விஸ்கி, என்று பெயர் போட்டால் இரண்டுக்கும் ஒரே சட்டம்: ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம், பாட்டிலில் குறைந்தது 40 சதவீத ஆல்கஹால். சரி, நாக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் பாட்டில்கள்

மூன்று போதும். ஸ்காட்ச் பிளெண்டுக்கு ஜானி வாக்கர் பிளாக் லேபிள். ஸ்காட்ச் அல்லாத வெளிநாட்டு வகைக்கு அயர்லாந்தின் ஜேம்சன்; மூன்று முறை வடிப்பதால் மென்மையாக இருக்கும். சிங்கிள் மால்ட்டுக்கு பெங்களூருவின் அம்ருத் ஃபியூஷன். நம் நாட்டு பார்லியும் ஸ்காட்லாந்தின் புகையேற்றிய பார்லியும் சேர்ந்தது அது.

நம் ஊர் மலிவு விஸ்கிகள் பலவற்றில் கரும்புப் பாகுக் கழிவிலிருந்து வடித்த சாராயம் சேர்ந்திருக்கும். அதை இந்த வரிசையில் வைத்தால் ஒப்பீடே கெட்டுவிடும்.

வயதையும் சரியாகப் படியுங்கள். பிளாக் லேபிளில் 12 என்று இருந்தால், உள்ளே இருப்பதில் மிக இளையதற்கே 12 வயது. அம்ருத்தில் வயது போடவில்லையே என்று ஒதுக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகிறது என்றால், பெங்களூரு சூட்டில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடும். சீக்கிரம் முதிரும்.

ஊற்றும் விதம்

வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். வைன் கிளாஸ் சரியாக வரும். டீ கிளாஸில் மணம் பறந்துவிடும். மூன்றிலும் 15 மில்லி. அம்ருத் ஃபியூஷன் 50 சதவீதம் என்பதால் அதில் 4 மில்லி தண்ணீர் சேருங்கள். மற்றவற்றோடு ஏறக்குறைய சமமாகிவிடும். இதைச் செய்யாவிட்டால் காரம் கூடியதைத்தான் 'ஸ்ட்ராங்' என்று பாராட்டிக்கொண்டிருப்போம்.

ஊற்றுகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும். அடியில் எண் சீட்டு ஒட்டி, இடம் மாற்றி, சின்னத் தட்டால் மூடி வைக்கட்டும். ஐஸும் சோடாவும் இப்போது வேண்டாம், குளிர்ச்சியில் மணம் ஒடுங்கிவிடும். சித்திரை வெயிலிலும் இதைச் செய்யாதீர்கள். சாராய நெடி முதலில் எழுந்து மூக்கை அடைக்கும். ஆனி, ஆடியில் சாரல் காற்று வரும் சாயங்காலம்தான் ஏற்றது.

மூக்கு, அப்புறம் நாக்கு

தட்டை எடுத்ததும் மூக்கை உள்ளே விடாதீர்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஓரத்திலிருந்து மோந்து பாருங்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. உடன்குடிப் பக்கம் விடிலியில் பதநீர் காய்ச்சும்போது நின்றிருக்கிறீர்களா? காய்ந்த ஓலை எரியும் புகையும் கொதிக்கும் இனிப்பும் ஒன்றாக வருமே, புகையேற்றிய பார்லியின் மணம் அதற்குப் பக்கத்தில் நிற்கும். பழம், வெனிலா, தேன், எது நினைவுக்கு வந்தாலும் சீட்டில் எழுதுங்கள். நம் ஊர்ச் சொல்லிலேயே எழுதுங்கள்.

பிறகு ஒரு சின்ன வாய். பத்து வினாடி நாக்கில் உருட்டி விழுங்குங்கள். மூன்றும் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். மறைந்திருந்த மணங்கள் மேலே வரும். இடையில் உப்பில்லாத பொரியும் தண்ணீரும் போதும். ஊறுகாயும் காரச் சேவும் கடைசியில்.

எது உயர்ந்தது என்று எழுத வேண்டாம். எது வேகமாக மறைந்தது, எது தொண்டையில் நின்றது, எதை மறுபடி எடுக்கத் தோன்றியது, இந்த மூன்றையும் எழுதிவிட்டு எண் சீட்டைப் பிரியுங்கள். அன்று வண்டி எடுக்க வேண்டாம்.

கிளாஸ்களை இரவே கழுவிவிடாதீர்கள். காலையில் காய்ந்த கிளாஸை மோந்து பாருங்கள். சாராயம் போய், பீப்பாய் மரமும் புகையும் மட்டும் அடியில் தங்கியிருக்கும். முந்தின நாள் எழுதிய சீட்டை அப்போது பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.